கதவுக்குத் தெரிந்த முகம்

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்பினின் கல்லில் முகத்துக்கென்று குடைந்த குழி மட்டும் இன்னும் வெறுமையாகவே கிடந்தது.

சுற்றிலும் மற்றக் கற்களில் முகங்கள் இமைத்துக்கொண்டிருந்தன. தூத்துக்குடிக்கு இந்த வழக்கம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவருடைய புகைப்படங்களைக் கொடுத்தால், உள்ளங்கை அகலக் கண்ணாடியில் அவர் முகத்தை உயிரோடு செய்து தருவார்கள். வெயில்தான் அதற்குத் தீனி. அது பேசாது. ஆள் வந்தால் நிமிர்ந்து பார்க்கும். மெழுகுவர்த்தி ஏற்றினால் கண்ணைச் சுருக்கும். இது வேதத்துக்கு ஒவ்வாது என்று முதலில் சாமியார்கள் பிரசங்கம் வைத்தார்கள். பங்குச் சாமியார் தம் தாயாரின் கல்லில் ஒன்றைப் பதித்த பிறகு அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

டெல்பினின் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. வாரிக் கொட்டக் குனிந்த அவள் அக்கா செலினுக்கு அதில் தன் முகம்தான் தெரிந்தது.

"ஏன் டீச்சர், ஊரையெல்லாம் போட்டோ புடிக்கிறவளுக்கே ஒரு போட்டோ இல்லாமப் போச்சாக்கும்?" பக்கத்துக் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த ரீத்தம்மா கேட்டாள். "சீனிக் கடைக்காரன் பிள்ள சக்கரைக்கு அழுத கதையால்ல இருக்கு."

"ஊரைப் புடிக்கல ரீத்தம்மா. அவளத்தான் புடிச்சா."

"பின்ன என்ன? அதுல ஒண்ண வைக்க வேண்டியதுதான?"

எதை வைப்பது?

டெல்பின் தன்னைத் தவிர வேறு யாரையும் படம் எடுத்ததில்லை. தன்னைத் தானாக எடுத்ததும் இல்லை. மீன் கூடையைத் தலையில் வைத்தவள், ஜெபமாலை உருட்டும் கன்னியாஸ்திரி, கால் வெடித்த உப்பளத்துக்காரி, லத்தியோடு நிற்கும் இன்ஸ்பெக்டர், மாலைக்கு நடுவே மூச்சுமுட்டும் மகளிரணித் தலைவி, துபாயிலிருந்து வரும் போனுக்காகக் கட்டில் ஓரத்தில் காத்திருக்கும் மனைவி, பட்டுச் சேலையில் ஒரு மணப்பெண். எல்லாம் அவள். ரப்பர் மூக்கு, பஞ்சு வைத்த கன்னம், வாடகைக்கு எடுத்த முடி. கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். அதிலிருந்து நீண்ட குழாய் காமிராவுக்குப் போகும், அமுக்கினால் சொடுக்கும். எல்லாப் படத்திலும் அவளுடைய இடது கை எதற்குள்ளாவது மறைந்திருக்கும், மீன் கூடைக்குள், ஜெபப் புத்தகத்துக்குப் பின்னால், முந்தானைக்கு அடியில்.

"பொம்பளைனு ஒண்ணு கிடையாதுக்கா. வேஷம்தான் இருக்கு," என்பாள் டெல்பின்.

"அப்ப வேஷம் போடுதது யாருட்டி?"

"அதத்தான தேடிக்கிட்டிருக்கேன். கெடைச்சா ஒன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோதுகூடக் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவள் அவள். யாராவது போனைத் தூக்கினால் நாக்கை நீட்டுவாள், அல்லது கையால் மறைத்துக்கொள்வாள். சின்ன வயதுப் படங்கள் இருந்த ஆல்பம் வெள்ளம் வந்த வருஷம் கூழாகிப்போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் தொற்றுக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனவளை ஆணியடித்த பெட்டியாகத்தான் திருப்பித் தந்தார்கள். பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை. கடைசியாக முகத்தைப் பார்க்காமலேயே மண் போட்டாயிற்று.

அன்றிலிருந்து செலினுக்கு ஒரு பயம். கண்ணை மூடித் தங்கையை நினைத்தால் மீன்காரி வந்தாள். உற்று நினைத்தால் கன்னியாஸ்திரி வந்தாள். இன்னும் முயன்றால் அந்த மணப்பெண். டெல்பின் வர மறுத்தாள். அம்மா போனபோது டெல்பினுக்கு நடக்கவே தெரியாது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் செலின். வளர்த்த பிள்ளையின் முகம் மறந்துபோகும் என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

டெல்பினின் குரல் மட்டும் மிஞ்சியிருந்தது. அது இருந்தது ஒரு கதவில்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் டெல்பினின் ஸ்டுடியோ, அவள் வீடும் அதுதான். வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் பூட்டு ஒன்றை அவள் வாங்கி மாட்டியிருந்தாள். விலை மலிவான பழைய மாடல். ஆளுக்கு ஏற்றபடி பேசுவதற்குத் தன் குரலிலேயே சொல்லிப் பதிந்திருந்தாள். செலின் போய் நின்றால் அது சொல்லும்:

"அக்கா, செருப்ப வெளிய போடு. மண்ணு."

தெரியாதவர் நின்றால், "யாரு? எனக்குத் தெரியலையே. அப்புறமா வாங்க."

வேஷத்தோடு வந்தால் அந்தக் கதவு டெல்பினையே உள்ளே விடாது. இன்ஸ்பெக்டர் உடுப்பில் எலுமிச்சம்பழம் வாங்கப் போனவள் ஒரு நாள் வெளியே மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து செலின் ஓடி வந்து தன் முகத்தைக் காட்டித் திறந்துவிட்டாள்.

"ஏன்ட்டி, ஒன் வீட்டுக் கதவே ஒன்ன விடமாட்டேங்குது?"

"அதுக்கு வேஷம் ஆகாதுக்கா. எனக்கு வாய்ச்ச மாமியா இது ஒண்ணுதான்."

"வேஷம் இல்லாம வந்தா ஒன்கிட்ட என்ன சொல்லும்?"

"அது எனக்கும் கதவுக்கும் உள்ளது. ஒனக்கெதுக்கு?"

இப்போது அந்தக் கதவுக்காகவே செலின் அடிக்கடி ஸ்டுடியோவுக்குப் போவாள். தூசி தட்டப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். 'அக்கா' என்று கூப்பிட உலகத்தில் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கல்லறைக் கண்ணாடி செய்பவள் பெயர் ஹாஜரா. காயல்பட்டினத்துக்காரி, முப்பதைத் தாண்டியவள். மசூதித் தெருவில் ஒரு குளிர்ந்த அறை வைத்திருந்தாள். செலின் கொடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "யா அல்லா, இத்தன பொம்பளயும் ஒருத்தியா?" என்றாள்.

"ஒருத்திதான். ஒனக்கு அந்த ஒருத்தியக் கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியணும் டீச்சர். வேஷம்னா படத்துக்குப் படம் மாறும்லா? மாறுததையெல்லாம் மெஷின் கழிச்சுக்கிட்டே வரும். மூக்கக் கழிக்கும், முடியக் கழிக்கும், அழுகையக் கழிக்கும், சிரிப்பக் கழிக்கும். கடைசி வர மாறாம எது நிக்கோ அதுதான் ஆளு."

மறுநாள் மாலை கண்ணாடி தயாராக இருந்தது. ஆவி படிந்த சன்னலுக்குப் பின்னால் யாரோ நெருங்கி வருவதுபோல முதலில் ஒரு நிழல் வந்தது. பிறகு நெற்றி, பிறகு கண். முகம் முழுதாகக் கூடியதும் அது நிமிர்ந்து செலினைப் பார்த்தது.

அது செலினின் முகம்.

இப்போதுள்ள செலின் அல்ல. டெல்பினின் வயதில் இருந்த செலின். உதட்டை இறுக்கி, இடது புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டவள் மாதிரி.

ஹாஜரா அவளையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒங்க போட்டோ ஏதும் கலந்துட்டா டீச்சர்?"

"இல்ல."

"அக்கா தங்கச்சின்னா எலும்பு கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா முகம்ங்கது எலும்பு இல்ல. அத வச்சிருக்க விதம்." அவள் திரும்பப் போய்ப் படங்களைப் பெரிதாக்கினாள். "இங்க பாருங்க. மீன்காரி புருவம். இன்ஸ்பெக்டர் வாய். சிஸ்டர் கழுத்த வச்சிருக்க விதம். எந்த வேஷம் போட்டாலும் அதுக்கு அடியில ஒரு வேஷம் போட்டிருக்காங்க. அது நீங்க."

செலின் மணப்பெண் படத்தைக் கையில் எடுத்தாள். பல தடவை பார்த்த படம். தலை குனியாமல், யாரோ பெயர் கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருப்பதுபோல் நிமிர்ந்திருக்கும் பெண். வகுப்பு வாசலில் பெற்றோருக்காகக் காத்து நிற்கும்போது தானும் அப்படித்தான் நிற்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. செலின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டுச் சேலையில் அவளை யாரும் பார்த்ததில்லை. டெல்பின் பார்த்திருக்கிறாள்.

"பொம்பளன்னா எப்படி இருப்பான்னு அவ பாத்துப் படிச்சது என்னத்தான்," என்றாள் மெதுவாக. "வேற யாரு இருந்தா வீட்டுல?"

"இதையே வச்சிரலாம் டீச்சர். ஒடம்பொறந்தவங்கதான, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே." செலின் நாற்காலியை இழுத்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். "என்னையும் கழிச்சிரு."

ஹாஜரா தயங்கினாள். பிறகு செலினை நாலு பக்கமும் படம் எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாள்.

இந்தத் தடவை கண்ணாடியில் நிழல் வந்தது, நெற்றி வந்தது, அதற்குமேல் எதுவும் வரவில்லை. தோல் மட்டும் இருந்தது. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று, கண் இருக்க வேண்டிய இடத்தில் விரலால் அமுக்கிய இரண்டு பள்ளங்கள். செலின் எழுந்து நகர்ந்தாள். அவள் நகர்ந்த பக்கம் அதுவும் திரும்பியது.

ஹாஜரா கண்ணாடியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

"அவ முகம் எனக்கு மறந்துக்கிட்டு வருது ஹாஜரா," என்றாள் செலின். அதுவரை யாரிடமும் சொல்லாதது. "நானும் மறந்துட்டேன்னா, அப்படி ஒருத்தி இருந்தான்னு சொல்ல யாருமே இருக்க மாட்டாங்க. வேஷம்தான் மிஞ்சும்."

ஹாஜரா இரண்டு தம்ளரில் தேநீர் ஊற்றினாள். யோசித்துக்கொண்டே கேட்டாள். "அவங்க போனு? முகம் பாத்துத் தொறக்குததா?"

"ஆஸ்பத்திரியோட போச்சு."

"வேற பூட்டு எதும்?"

செலின் கதவைப் பற்றிச் சொன்னாள். ஹாஜரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்குத் தெரியும் டீச்சர்! வேஷமில்லாத முகத்த அது ஒண்ணுதான் தினமும் பாத்திருக்கு. ஆனா ஒண்ணு, பூட்டு படத்த வச்சுக்காது. முகத்தோட கணக்க மட்டும் வச்சுக்கும். நாம ஒரு முகத்தக் காட்டினா ஆமா, இல்லன்னு சொல்லும். தானா ஒண்ணையும் காட்டாது."

"சாட்சி சொல்லத் தெரிஞ்ச ஊமை."

"அதேதான். இன்னொண்ணும் இருக்கு. ஆளுக்கு வயசாகுதுல்லா, அதனால தொறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கும். அவங்க கடைசியா உள்ள போன நாள்ல எப்படி இருந்தாங்களோ, அது வரைக்கும் அதுக்குள்ள இருக்கு."

இந்தக் கடைசி வார்த்தைதான் செலினின் மனதில் தைத்தது. கடைசி நாள் வரை. மற்றதை அவள் காது வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இருவரும் அந்தச் சந்துக்குப் போனார்கள். அந்த வெறும் தோலுக்கும் செலினின் முகத்துக்கும் இடையில் எத்தனை முகங்கள் சாத்தியமோ அத்தனையும் ஹாஜரா செய்து கொண்டுவந்திருந்தாள். கதவு தன்னைப் பார்த்துவிடாமல் செலின் வாசலை ஒட்டிய சுவர் ஓரம் ஒதுங்கி நின்றாள். ஹாஜரா கண்ணாடியைக் கதவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"யாரு? எனக்குத் தெரியலையே. அப்புறமா வாங்க."

அடுத்த முகம்.

"யாரு? எனக்குத் தெரியலையே. அப்புறமா வாங்க."

சில முகங்களைப் பார்த்தபோது செலின் கழுத்தை நீட்டினாள். இதுதான், இதேதான் என்று தோன்றியது. கதவு ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவளின் குரல், செத்தவளின் முகங்களை ஒவ்வொன்றாக வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஹாஜரா கண்ணாடியைத் தாழ்த்தினாள்.

"போதும் டீச்சர்," என்றாள் கடைசியில். "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. என் மெஷின் கணக்குல இல்லாத ஒண்ணு அந்த முகத்துல இருந்திருக்கு. அது எந்தப் படத்துலயும் விழல. விழாதத எங்கேருந்து எடுக்க?"

அவள் போனபின் செலின் வாசலில் நின்றாள். "அக்கா, செருப்ப வெளிய போடு. மண்ணு," என்றது கதவு. உள்ளே போனாள்.

படங்கள் நாலு சுவரிலும் இருந்தன. நடுவில் ஒரு முக்காலி, முன்னால் காமிரா, தரையில் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்த குழாயும் ரப்பர் பந்தும். எல்லாப் படத்திலும் மறைந்திருக்கும் அந்தக் கை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. காட்டியது எல்லாம் வேஷம். மறைத்துப் பந்தைப் பிடித்திருந்த கை மட்டும்தான் டெல்பின்.

டெல்பின் போடாத வேஷம் ஒன்றே ஒன்று இருந்தது.

ஆணியில் தொங்கிய டெல்பினின் கட்டம் போட்ட சட்டையை எடுத்து, சேலையை அவிழ்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அவளுடைய பேண்ட் இடுப்பில் இறுக்கியது. கொண்டையைப் பிரித்து, தங்கை செய்வதுபோலப் பென்சிலால் சொருகினாள். கண்ணாடி பார்க்கவில்லை. பார்த்தால் செலின்தான் தெரிவாள். கண்ணுக்கு மறந்தது உடம்புக்கு மறக்கவில்லை என்பதை அவள் மெல்லக் கண்டுகொண்டாள். தூங்கும் பிள்ளையை இடுப்பில் சுமந்தபோது அந்தத் தலை எந்தப் பக்கம் சாயும். கோபம் வந்தால் உள்கன்னத்தை எப்படிக் கடிக்கும். யாரும் பார்க்காதபோது தாடை எப்படிக் கொஞ்சம் தொங்கி, முகம் கழற்றிப்போட்ட சட்டை மாதிரி ஆகும். வேலை முடிந்து தனியாக உட்கார்ந்திருந்த டெல்பினை அப்படி ஓரிரு தடவை வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆள் வந்தது தெரிந்ததும் அந்த முகம் ஓடிப்போகும்.

முக்காலியில் உட்கார்ந்து அந்த முகத்தைத் தன்மேல் இறங்க விட்டாள். பந்தை மறைக்காமல் மடிமேல் வைத்து அமுக்கினாள். காமிரா சொடுக்கியது.

பிறகு அந்த முகம் கலையாமல், நிறைகுடம் சுமப்பவள்போல எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி அதன் எதிரே நின்றாள்.

கதவு இதுவரை இல்லாத அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டது.

"வந்துட்டியாட்டி," என்றது. ரகசியம் பேசுவது மாதிரி, களைத்துப்போன குரல். "யாருமில்ல. மூஞ்சியக் கழுவு."

பூட்டு திறந்தது. செலின் அங்கேயே சந்து மண்ணில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷம் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் தங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இது. யாருமில்ல. அதில் ஆறுதல் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. எழுந்து கதவைச் சாத்தி, முகத்தைச் சரிசெய்துகொண்டு நின்றாள். "வந்துட்டியாட்டி." மறுபடியும் சாத்தினாள். வெயில் சாயும் வரை சாத்திச் சாத்தித் திறந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். முதலில் அந்த முகத்தை வரவழைக்க நேரம் பிடித்தது. போகப்போகச் சந்து முனை திரும்பும்போதே வந்துவிட்டது.

அந்தப் படத்தை வைத்து ஹாஜரா செய்த கண்ணாடி முதல் தடவையிலேயே அமைந்தது. "எப்படி டீச்சர்?" என்று கேட்டாள். செலின் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

கல்லறைத் திருநாளன்று தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் தூத்துக்குடி சனமும். டெல்பினின் குழியில் டெல்பின் இருந்தாள். கூட்டத்தைப் பார்த்து இமைத்தாள். சாம்பிராணிப் புகைக்குக் கண்ணைச் சுருக்கி, உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டாள்.

"ஏ ஆத்தா! அப்படியே டெல்பினுல்லா!" ரீத்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "கடைசில கெடைச்சிட்டா பாரு." திரும்பிச் செலினை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் டீச்சர் ஆளே மாறிப்போயிட்ட. கூட்டத்துல சட்டுன்னு அடையாளம் தெரியல."

கையில் மெழுகு ஒட்டியிருக்க, செலின் அங்கிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு நடந்தாள். முகத்தை வைத்தாயிற்று என்று கதவிடம் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சட்டை இல்லை, பென்சில் இல்லை. திருநாளுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை, இறுக்கிய கொண்டை. இன்றைக்கு அவளுக்கு 'அக்கா' என்ற அந்த மற்ற வார்த்தை வேண்டியிருந்தது. கதவின் எதிரே போய் நின்றாள்.

"வந்துட்டியாட்டி. யாருமில்ல. மூஞ்சியக் கழுவு."

கதவு திறந்தது. அவள் உள்ளே போகாமல் அதைச் சாத்தினாள். சந்து முனைக் குழாய்க்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வந்துட்டியாட்டி. யாருமில்ல. மூஞ்சியக் கழுவு."

நிமிர்ந்தாள். செலின் எப்படி இருப்பாள்? அந்த மீன்காரியையும் இன்ஸ்பெக்டரையும் மணப்பெண்ணையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். உதட்டை இறுக்கினாள். இடது புருவத்தைத் தூக்கினாள். பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டவள் மாதிரி கதவைப் பார்த்தாள்.

"யாரு? எனக்குத் தெரியலையே," என்றது கதவு. "அப்புறமா வாங்க."

சந்தில் யாரும் இல்லை. தூரத்தில் கல்லறைத் தோட்டத்து மணி அடித்தது. அப்படியே நிற்க முடிந்தவரை நின்று பார்த்தாள். பிறகு களைத்துப்போய் முகத்தை விட்டாள். பூட்டு திறந்துகொண்டது.

வாசற்படியில் அவள் தயங்கினாள்.

"அக்கா, செருப்ப வெளிய போடு," என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "மண்ணு."

குரல் அப்படியே டெல்பினுடையதாக இருந்தது. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.